மே மாதத்தில் புத்தாண்டு

மேல் சாவடி
டிசம்பர் 27, 2005

பெகிமாயின் அப்பாவுக்கு,

புத்தாண்டுக்கு நான் வரவில்லை. முதல் வரியிலேயே எழுதிவிட்டேன். கடைசி வரி வரை நீங்கள் தேடிக்கொண்டு போக வேண்டாம்.

31ஆம் தேதியிலிருந்து 8ஆம் தேதி வரை கூடுதல் காவல் என்று உத்தரவு வந்திருக்கிறது. ஊரெல்லாம் கொண்டாடும்போதுதான் எல்லையில் ஆள் நுழைவான் என்று யாரோ எந்தக் காலத்திலோ முடிவு செய்துவிட்டார்கள். இந்தக் குளிரில் இந்தக் கணவாய் வழியாக வருகிறவனைப் பிடிக்கத் துப்பாக்கி தேவையில்லை, கம்பளி கொடுத்து உட்கார வைத்தால் போதும். எனக்கு முன்னால் வயர்லெஸில் இருந்தவர் குடல்வால் அறுவை முடிந்து இன்னும் படுத்தே இருக்கிறாராம். மாற்று ஆள் ஜனவரியில் வருவார் என்கிறார்கள்.

பெகிமாயின் வெள்ளை ரிப்பன்கள் இரண்டாவது இழுப்பறையில் இருக்கின்றன. கட்டுவதற்கு முன் கஞ்சி போடுங்கள், இல்லாவிட்டால் காது போலத் தொங்கும். நீங்கள் பள்ளிக்கூடம் போகும் நேரத்தில் சின்னவன் அக்தானைப் பார்த்துக்கொள்வது கீழ்வீட்டு ரிஸ்கான் அக்காதான். அவளோடு வாதம் செய்யாதீர்கள். அவள் சொல்வது தப்பாகவே இருந்தாலும் வாத்தியார் வேலையை அங்கே காட்ட வேண்டாம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். அக்தான் எப்போது வேண்டுமானாலும் நடந்துவிடுவான். நடந்தால் கால்கயிறு வெட்டை நான் வரும்வரை நிறுத்தி வையுங்கள். பெகிமாய்க்கு வெட்டியபோது நான் பயிற்சி முகாமில் இருந்தேன். அவள் காலில் கட்டிய கயிற்றை வெட்ட யார் யார் ஓடி வந்தார்கள், முதலில் வந்து வெட்டியது யார் என்று உங்கள் கடிதத்தில் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். இவனுடையதையும் கடிதத்தில் படிக்க என்னால் முடியாது. கறுப்பும் வெள்ளையும் சேர்த்து நானே முறுக்கிய கயிறு தையல் பெட்டியில் இருக்கிறது.

அனாரா


நாரின், குவார்ட்டர்ஸ்
ஜனவரி 5, 2006

அனாரா,

முதல் வரியிலேயே சொன்னதற்கு நன்றி. நானும் பெகிமாயிடம் முதல் வரியிலேயே சொல்லிப் பார்த்தேன். "அம்மா வரலன்னா புத்தாண்டும் வர வேணாம்" என்று தரையில் உருண்டாள். ஐந்து வயதுப் பிள்ளையை வேறு எப்படிச் சமாளிப்பது? "சரிடி, அம்மா வந்தப்புறம்தான் புத்தாண்டு, போதுமா?" என்று சொல்லித் தொலைத்தேன்.

அன்றிலிருந்து நம் வீட்டில் டிசம்பர் நடக்கிறது. புத்தாண்டுக்கு ஜோடித்த மரத்தை எடுக்க விடமாட்டேன் என்கிறாள். பனித் தாத்தா கொடுத்த பொட்டலத்தைப் பிரிக்கமாட்டாள், என்னையும் பிரிக்க விடமாட்டாள். பாலர் பள்ளியில் டீச்சர் "புது வருஷம் பொறந்தாச்சு குழந்தைங்களா" என்று சொன்னதும் இவள் எழுந்து நின்று, "இல்ல டீச்சர், எங்கம்மா இன்னும் வரல" என்றாளாம். சிரித்த பையனைக் கடித்துவிட்டாள். என்னைக் கூப்பிட்டு அனுப்பினார்கள். பன்னிரண்டு வருடமாகப் பிள்ளைகளின் பெற்றோரைக் கூப்பிட்டு அனுப்பியவன் நான். இப்போது முயல் படம் போட்ட குட்டி நாற்காலியில் முழங்கால் தாடையில் இடிக்க உட்கார்ந்து, திட்டு வாங்கிக்கொண்டு வந்தேன்.

ரிப்பனுக்குக் கஞ்சி போட்டேன். அதிகமாகிவிட்டது. அவள் தலையைத் திருப்பியபோது பக்கத்துக் குழந்தையின் கண்ணில் குத்தியது.

அக்தான் நடந்துவிட்டான். இரண்டாம் தேதி காலையில் சோபாவை விட்டுவிட்டு நான்கு அடி வைத்தான், நேரே மரத்துக்கு. ஒரு கண்ணாடி உருண்டையை உடைத்து, இரண்டு ஊசியிலையைத் தின்றான். நான் கயிறு வெட்டவில்லை. சார்ஜென்ட் அம்மா உத்தரவு.

ரிஸ்கான் அக்காவின் வீட்டுக்காரர் கர்னல் இமான்குலோவைப் படியில் பார்த்தேன். "உங்க வீட்டம்மா குரல் இன்னைக்குக் கணீர்னு இருந்துச்சு வாத்தியாரே" என்றார். மணிக்கொரு தடவை உன் குரல் கீழே வருகிறது, 'எல்லாம் சரியாக இருக்கிறது' என்று. அதை அவர் கேட்கிறார், டூட்டி அதிகாரி கேட்கிறார், வாசலில் நிற்கும் சிப்பாய்கூடக் கேட்கிறான். வீட்டு விஷயம் வயர்லெஸில் பேசக் கூடாது என்பதால் நான் மட்டும் பத்து நாளுக்கொரு முறை ரேஷன் லாரிக்காகக் காத்திருக்கிறேன். இங்கே எதுவும் சரியாக இல்லை என்பதையும் யாராவது அந்தக் கருவியில் சொன்னால் நன்றாக இருக்கும்.

குபாத்


மேல் சாவடி
ஜனவரி 17

பெகிமாயின் அப்பாவுக்கு,

மாற்று ஆள் வந்தார். அரை நாள் இருந்தார். மூச்சு வாங்கி முகம் நீலமாகி, வந்த லாரியிலேயே திரும்பிப் போய்விட்டார். அடுத்த ஆளைத் தேடுகிறார்களாம். திட்டுவதாக இருந்தால் அவர் நுரையீரலைத் திட்டுங்கள்.

நான்கு அடி என்று எழுதியிருந்தீர்கள். வலது கால் முதலில் வந்ததா, இடது காலா? கையை மேலே தூக்கிக்கொண்டு நடந்தானா? இதையெல்லாம் எழுதாமல் கர்னல் என்ன சொன்னார் என்று அரைப் பக்கம் எழுதியிருக்கிறீர்கள்.

எனக்கு ஒரு பயம் வந்துவிட்டது. ஒரு வயதுப் பிள்ளைக்கு ஞாபகம் எத்தனை நாள் நிற்கும்? ஃப்ரிட்ஜ் மேலே என் படம் இருக்கிறதே, சீருடையில் எடுத்தது, அதைத் தினமும் சாயங்காலம் அவனுக்குக் காட்டி, 'அம்மா' என்று சொல்லிக்கொடுங்கள். மறக்காமல் செய்யுங்கள். மற்றதை எல்லாம் மறந்தாலும் பரவாயில்லை.

பெகிமாயிடம் கடிக்கக் கூடாது என்று சொல்லுங்கள். மரத்தை எடுத்துவிடுங்கள்.

அனாரா


நாரின்
பிப்ரவரி 25

அனாரா,

மரத்தை எடுக்க முடியாது. எடுத்தால் புத்தாண்டு வழி தெரியாமல் போய்விடுமாம். ஊசியிலைகள் கொட்டி முடிந்து இப்போது அது உருண்டைகள் தொங்கும் விளக்குமாறு. நேற்று என் தேநீரில் இரண்டு இலை கிடந்தன.

23ஆம் தேதி படைவீரர் தினம் பற்றிக் கேள். பாலர் பள்ளியில் அப்பாக்களைச் சீருடையில் வரச் சொல்லியிருந்தார்கள். இது ராணுவக் குடியிருப்புப் பள்ளி, பதினெட்டு அப்பாக்கள் பதக்கம் குலுங்க வந்து உட்கார்ந்தார்கள். நான் சாக்பீஸ் தூசி படிந்த என் கோட்டோடு பத்தொன்பதாவதாக உட்கார்ந்தேன். ஒவ்வொரு பிள்ளையாக எழுந்து, "எங்கப்பா எல்லையைக் காக்கறாரு", "எங்கப்பா கிடங்கைக் காக்கறாரு" என்று சொல்லிக்கொண்டு வந்தது. நம் மகள் எழுந்தாள். "எங்கம்மா எல்லையைக் காக்கறாங்க. எங்கப்பா சூப்பு பொங்காம காக்கறாரு" என்றாள். கைதட்டினார்கள். எனக்குத்தான் அதிகக் கைதட்டல்.

படைப்பிரிவிலிருந்து உனக்குப் பரிசு வந்தது. சவர சாமான் பெட்டி. எல்லோருக்கும் ஒரே பரிசாம். உனக்காக நான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். பிளேடு நன்றாக இருக்கிறது.

இதெல்லாம் போகட்டும். நீ சொன்னபடி தினமும் சாயங்காலம் படத்தைக் காட்டினேன். ஒரு நாள்கூட விடவில்லை. அந்தப் படத்தில் உன் முகம் பட்டாணி அளவு, தொப்பிதான் பெரிது. பிள்ளை என்ன கற்றுக்கொண்டான் தெரியுமா? தொப்பியைக் கற்றுக்கொண்டான். அன்று அணிவகுப்பு பார்க்கத் தூக்கிப் போயிருந்தேன். கையை உதறிக்கொண்டு இறங்கி, குடுகுடுவென்று ஓடி, மேடைக்கு முன்னால் விறைப்பாக நின்ற கர்னல் இமான்குலோவின் காலைக் கட்டிக்கொண்டு "அம்மா!" என்றான். பட்டாளம் முழுக்கக் கேட்டது. கர்னல் அசையவில்லை, சல்யூட் அடித்த கை அப்படியே இருந்தது. காது மட்டும் சிவந்தது. நான் போய்ப் பிரித்து எடுக்க வேண்டியதாயிற்று.

இப்போது சீருடை போட்டவர்கள் எல்லோரும் அவனுக்கு அம்மாதான். தபால் கொண்டு வரும் லாரி டிரைவர் ஷார்ஷென் ஒரு அம்மா. வாசல் சிப்பாய் ஒரு அம்மா. மீசை வைத்த சமையல்காரர்கூட அம்மா. "எத்தன அம்மா இருந்தாலும் பால் காய்ச்சறது நீதான்" என்று ரிஸ்கான் அக்கா சிரிக்கிறாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

உன் ஒப்பந்தம் மார்ச் கடைசியில் முடிகிறது. புதுப்பிக்காதே. கெஞ்சலாகவும் எடுத்துக்கொள்ளலாம், கோபமாகவும் எடுத்துக்கொள்ளலாம். புதுப்பிக்காதே.

குபாத்

வலது கால்.


மேல் சாவடி
மார்ச் 4

பெகிமாயின் அப்பாவுக்கு,

கர்னல் கதையைச் சாவடிப் பையன்களுக்குப் படித்துக் காட்டினேன். பதினொரு பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அப்புறம் தண்ணீர் கொண்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு வாளியோடு வெளியே போய் நின்றேன். திரும்பி வந்தபோது வாளி காலியாக இருந்தது.

மார்ச் எட்டுக்கும் வரவில்லை. மகளிர் தினம் என்பதால் கூடுதல் காவல். இங்கே இருக்கும் ஒரே மகளிர் நான்தான், என்னைக் கௌரவிக்க நானே காவல் இருக்கிறேன். பெகிமாயின் பள்ளி விழாவுக்கு அம்மாக்கள் வரிசையில் நீங்கள்தான் போய் உட்கார வேண்டும். அவள் வெட்கப்பட மாட்டாள். நீங்களும் வெட்கப்படாதீர்கள்.

மாற்று ஆள் இன்னும் வரவில்லை. இருபத்தொன்றாம் தேதி நவ்ரூஸ் வசந்த விழாவுக்குள் எப்படியும் வந்துவிடுவேன் என்று நினைக்கிறேன். கயிறு பத்திரமாக இருக்கிறதா?

ஒப்பந்தம் பற்றி நேரில் பேசுவோம்.

அனாரா


நாரின்
மார்ச் 23

அனாரா,

நவ்ரூஸும் வந்து போய்விட்டது. நீ வரவில்லை. இந்த நாட்டில் எத்தனை விடுமுறை என்று ஒரு ராணுவக் குடும்பத்தைக் கேட்டால்தான் தெரியும்.

அம்மாக்கள் வரிசையில் உட்கார்ந்தேன். காகிதப் பூவும் வாசனைச் சோப்பும் கொடுத்தார்கள். பெகிமாய் எனக்காக ஒரு பாட்டுப் பாடினாள். அதில் 'உன் மென்மையான கைகள்' என்று ஒரு வரி வந்தது. பாத்திரம் தேய்த்து வெடித்த என் கைகளைக் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அக்தான் 18ஆம் தேதி மாடிப்படியில் விழுந்துவிட்டான். நான்கு படி. உதடு கிழிந்தது, முன்பல்லில் ஒரு மூலை போய்விட்டது. இரண்டு தையல். இப்போது நன்றாக இருக்கிறான், சாப்பிடுகிறான், நீ பதற வேண்டாம். கீழ்ப்படியில் டூட்டி முடிந்து வந்த ஒரு சிப்பாயைப் பார்த்து, 'அம்மா' என்று கையை நீட்டிக்கொண்டு இறங்கியிருக்கிறான். இதற்கு மேல் நான் என்ன எழுத?

கயிறு தையல் பெட்டியில்தான் இருக்கிறது. உனக்காகக் காத்திருக்கிறது.

பெகிமாய் உனக்குக் குதிரை வரைந்திருக்கிறாள். இதோடு வைத்திருக்கிறேன்.

குபாத்


மேல் சாவடி
மார்ச் 31

குபாத்,

குதிரை நன்றாக இருக்கிறது. தாளைத் திருப்பிப் பார்த்தீர்களா? நீங்கள் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் அனுப்பியிருக்க மாட்டீர்கள்.

பின்பக்கத்தில் குட்டிப் பையன் ஒருவன் நிற்கிறான். உதட்டில் இரண்டு கோடு, தையல். இரண்டு காலையும் சேர்த்து ஒரு கயிறு, ஒரு கட்டம் கறுப்பு, ஒரு கட்டம் வெள்ளை. பின்னால் அவனைப் பிடித்துக்கொண்டு ஒரு நெட்டையான ஆள், கோட்டில் சாக்பீஸ் புள்ளிகள்கூட வைத்திருக்கிறாள். பக்கத்தில் பெரிய காதணியோடு ரிஸ்கான் அக்கா. ஓடி வருகிற பிள்ளைகள் ஆறு. எல்லோருக்கும் முன்னால் தன்னைவிடப் பெரிய கத்தியோடு ஒரு பெண், நெஞ்சில் '1' என்று போட்டிருக்கிறது.

'கயிறு காத்திருக்கிறது' என்று எழுதினீர்களே. எந்தக் கயிறு? வெட்டின துண்டுகளா?

பிள்ளைக்குத் தையல் போட்டபோது நான் பக்கத்தில் இல்லை என்பது எனக்குத் தெரியும். அதற்கு நீங்கள் என்னைத் திட்டுங்கள், கேட்டுக்கொள்கிறேன். ஆனால் நான் உங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்று. நான்கு மாதத்தில் ஒன்று. அதையும் எடுத்துவிட்டு, இல்லை என்று பொய் வேறு எழுதினீர்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு இருக்கும் நேர்மை உங்களுக்கு இல்லை.

லாரிக்குக் காத்திருக்கிறேன், வந்ததும் கொடுத்தனுப்புகிறேன்.

அனாரா


நாரின்
மார்ச் 31

சார்ஜென்ட் அம்மாவுக்கு,

இன்று காலையிலிருந்து எல்லோரும் எனக்கு வாழ்த்துச் சொல்கிறார்கள். ரொட்டிக் கடையில் ஒருவர் கை குலுக்கினார். எங்கள் பள்ளிக் காவலாளி, "வாத்தியாரே, கவலை விட்டுச்சு போங்க" என்றார். எதற்கென்று எனக்கு மட்டும் தெரியவில்லை. சாயங்காலம் குவார்ட்டர்ஸ் அலுவலக வாசலில் ஒட்டியிருக்கும் பட்டியலைப் போய்ப் பார்த்தேன். ஒப்பந்தம் புதுப்பித்தவர்கள், வீடு தொடர்கிறவர்கள். ஏழாவது பெயர் உன்னுடையது. மூன்று வருடம். கையெழுத்திட்ட தேதி மார்ச் 10.

நேரில் பேசுவோம் என்று நீ எழுதியது மார்ச் 4. நடுவில் ஆறு நாள். அந்த ஆறு நாளில் நீ யாரை நேரில் பார்த்தாய்?

ஊருக்கெல்லாம் தெரிந்தபின் புருஷனுக்குத் தெரிகிறது. மூன்று வருடத்தில் அக்தானுக்கு நாலரை வயது ஆகியிருக்கும். அதுவரை எத்தனை தொப்பியை அவன் அம்மா என்று கூப்பிட வேண்டும், கணக்குப் போட்டுச் சொல். நான் பௌதிக வாத்தியார்தான், ஆனாலும் எனக்கு இந்தக் கணக்கு வரவில்லை.

குபாத்


மேல் சாவடி
ஏப்ரல் 10

பெகிமாயின் அப்பாவுக்கு,

ஷார்ஷென் ஒரு கையால் உங்கள் கடிதத்தைக் கொடுத்து, மறு கையால் என்னுடையதை வாங்கிக்கொண்டு போனான். உங்களுடையதைப் பிரித்துப் படித்ததும் லாரியின் பின்னால் ஓடினேன். திருப்பம் வரை ஓடினேன். அவன் கண்ணாடியில் பார்க்கவில்லை.

ஆக, நீங்களும் மறைத்தீர்கள், நானும் மறைத்தேன். இரண்டும் ஒன்றல்ல என்று ஒரு வாரமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருந்தேன். சொல்லச் சொல்ல எனக்கே நம்பிக்கை குறைந்துவிட்டது. என்னுடையதுதான் பெரிது.

ஒப்பந்தத் தாளைக் கொண்டு வந்த அதிகாரி கையோடு வாங்கிப் போக வேண்டும் என்றார். புதுப்பிக்காவிட்டால் ஜூனுக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். இதைத்தான் உங்களிடம் காரணமாகச் சொல்லலாம் என்று இருந்தேன். இது உண்மைதான், ஆனால் முழு உண்மை அல்ல. எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. ஹெட்போனை மாட்டிக்கொண்டால் நான் என்ன செய்ய வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. பனிப்புயலில் நான்கு பேர் வழி தவறியபோது என் குரலைப் பிடித்துக்கொண்டு வந்து சேர்ந்தார்கள். வீட்டில் எந்த வேலையையும் நான் அவ்வளவு நன்றாகச் செய்ததில்லை. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, எழுதிவிட்டேன்.

இதோடு ஒரு படிவம் வைத்திருக்கிறேன். குடும்பத்தாரின் சம்மதம். ஜூன் ஐந்துக்குள் உங்கள் கையெழுத்தோடு அது போய்ச் சேராவிட்டால் ஒப்பந்தம் தானாகவே ரத்து. நீங்கள் போடாவிட்டால் நான் கீழே இறங்கி வருவேன், ஒரு வார்த்தை சொல்லிக் காட்டமாட்டேன். போட்டால், இலையுதிர் காலத்தில் கணவாய் மூடுவதற்கு முன் நகரத்து நிலையத்துக்கு மாற்றுகிறோம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். எழுதிக் கொடுத்தது நடக்குமா என்று உங்களுக்கும் தெரியும்.

முடிவு உங்கள் கையில்.

அனாரா


நாரின்
ஏப்ரல் 20

அனாரா,

படிவத்தில் கையெழுத்துப் போடவில்லை. ஃப்ரிட்ஜ் மேலே உன் படத்துக்குக் கீழே சொருகி வைத்திருக்கிறேன். தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் என்னைப் பார்க்கிறது.

கயிறு விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். தையல் போட்டு வந்த அன்று ரிஸ்கான் அக்கா இடுப்பில் கை வைத்து நின்றாள். "நடக்கற புள்ளைக்குக் கயிறு வெட்டாம மூணு மாசம் வச்சிருந்தா தடுக்காம என்ன செய்யும்? படிச்சவனுக்கு இதுகூடத் தெரியாதா? வெட்டிட்டுக் கூட்டிட்டு வா. அதுவரைக்கும் இவன என் வீட்டுல விடாத, இன்னொருக்கா விழுந்தா உன் பொண்டாட்டிக்கு யார் பதில் சொல்றது?" கதவைச் சாத்திவிட்டாள். காலையில் எட்டு மணிக்கு எனக்கு முதல் வகுப்பு. இவனைத் தூக்கிக்கொண்டே இரண்டு நாள் பாடம் எடுத்தேன். 'மின்தடை' என்று நான் சொல்லும்போதெல்லாம் இவன் கைதட்டினான், வகுப்பே கைதட்டியது. மூன்றாம் நாள் நவ்ரூஸ். முற்றத்தில் கூட்டம் இருந்தது, கயிற்றைக் கட்டிவிட்டேன்.

நான் "ஓடு" என்று சொல்வதற்கு முன்பே பெகிமாய் ஓடிவிட்டாள். யாரும் திருப்பி அனுப்பவில்லை. வெட்டுகிறவரின் குணம்தான் பிள்ளைக்கு வரும் என்கிறார்கள். இனி இவனும் கடிப்பான்.

வெட்டியபோது எல்லோரும் கூச்சல் போட்டார்கள். எனக்கு உன் முகம்தான் ஞாபகம் வந்தது. உன்னிடம் சொல்லப் பயந்து பொய் எழுதினேன். அவ்வளவுதான். நேர்மை பற்றி நீ எழுதியது வலித்தது, ஆனால் சரிதான்.

முதல் தடவையாக நீ என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டிருந்தாய். கடிதத்தைப் பிரித்ததும் யாரோ கணக்கு ஆசிரியர் வருகைப் பதிவு எடுப்பது போல இருந்தது. எழுந்து நின்றுவிட்டேன்.

குபாத்


மேல் சாவடி
மே 2

பெகிமாயின் அப்பாவுக்கு,

லீவு கிடைத்துவிட்டது. பத்து நாள், மே 11ஆம் தேதியிலிருந்து. நடுவில் இருக்கும் விடுமுறைகள் எல்லாம் கூடுதல் காவலோடு முடிந்தபின்தான். நம்பாதீர்கள், நானும் நம்பவில்லை. ஆனால் தயாராக இருங்கள்.

பெகிமாயிடம் சொல்லிவிடுங்கள், பன்னிரண்டாம் தேதி காலையில் புத்தாண்டு. மரம் என்று ஏதாவது மிச்சம் இருந்தால் அப்படியே இருக்கட்டும். ரிஸ்கான் அக்காவிடம் சொல்லுங்கள், மறுநாள் முற்றத்தில் கால்கயிறு வெட்டு. ஆமாம், இன்னொரு தடவை. ஒரு தடவை வெட்டின காலை மறுபடி கட்டக் கூடாது என்பாள். கட்டக் கூடாது என்று எங்கே எழுதியிருக்கிறது என்று கேளுங்கள். முதல் ஓட்டம் செல்லாது, ஓடியவள் முன்கூட்டியே ஓடிவிட்டாள். நீங்களே எழுதியிருக்கிறீர்கள், சாட்சி என்னிடம் இருக்கிறது. புதுக் கயிறு முறுக்கிவிட்டேன். இந்த முறை நானும் ஓடுவேன்.

இன்னொன்று. நான் சீருடையில் இறங்க மாட்டேன். பெட்டியில் பச்சைப் பூப் போட்ட கவுன் இருக்கிறது, அதைப் போட்டுக்கொண்டு வருகிறேன். அம்மா மாதிரி வருகிறேன்.

அனாரா


நாரின்
மே 29

அனாரா,

நீ போய் ஒரு வாரம் ஆகிறது. உன் கவுனைத் துவைத்து மடித்து வைத்திருக்கிறேன். இஸ்திரி போட்டதில் ஒரு பூ கருகிவிட்டது, உள்பக்கம்தான்.

ஓட்டத்தைப் பற்றி முற்றத்தில் இன்னும் பேசுகிறார்கள். சிப்பாய்கள் சார்ஜென்ட் ஜெயிக்கட்டும் என்று காலைப் பின்னால் இழுத்ததை எல்லோரும் பார்த்தார்கள். இழுக்காதவள் ரிஸ்கான் அக்கா ஒருத்திதான், முழங்காலுக்கு இன்னும் எண்ணெய் தேய்க்கிறாள். "ஒரு கை தூரம்டா வாத்தியாரே! அவ பட்டாளத்து பூட்ஸ் போட்டு ஓடுனா, நான் செருப்பு போட்டு ஓடுனேன். இது தோல்வியே இல்ல" என்கிறாள். கவுனுக்கு பூட்ஸ் போட்டு ஓடிய பெண்ணை இந்த ஊர் இதற்கு முன் பார்த்ததில்லை. நானும் பார்த்ததில்லை.

நீ லாரியிலிருந்து இறங்கிய நாளை நாம் இரண்டு பேரும் பேசவே இல்லை. பூப் போட்ட கவுனில் நீ கையை விரித்து நின்றாய். அக்தான் உன்னைச் சுற்றிக்கொண்டு போய், தொப்பியோடு இறங்கிய ஷார்ஷெனைக் கட்டிப் பிடித்து, "அம்மா" என்றான். நீ சிரித்தாய். உன் சிரிப்பை எனக்குத் தெரியாதா? அன்று அவனை மடியில் போட்டுக்கொண்டு விளக்கு இல்லாத சமையலறையில் உட்கார்ந்திருந்தாய். அப்போதே அந்தப் படிவத்தைக் கிழித்துப் போட்டிருப்பேன். கிழிக்காததற்குக் காரணம், கிழித்தால் அது உன்னைத் தண்டிப்பது போல ஆகிவிடும்.

பத்து நாள் உன் முகத்தைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தான், மூக்கு, காது, புருவம் என்று. நீ கிளம்பிய அன்று சீருடையில் வந்து தூக்கியபோதுகூட, முதலில் தொப்பியைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் கழுத்தைக் கட்டினான். லாரி போனபின் எவ்வளவு நேரம் அழுதான் என்று எழுதமாட்டேன்.

இப்போது கேள். நேற்று ஷார்ஷென் தபால் கொண்டு வந்தான். பழக்கதோஷம், குனிந்து கையை நீட்டி, "வாடா, அம்மாகிட்ட வா" என்றான். நம் மகன் அவன் பூட்ஸிலிருந்து தொப்பி வரை பார்த்தான். "அம்மா இல்ல" என்றான். வாசல் சிப்பாயிடம் போனான், நின்று பார்த்தான். "அம்மா இல்ல." மீசைச் சமையல்காரரிடமும் அதேதான். ஒவ்வொருவரிடமாகப் போய்ப் பார்த்துச் சொல்லிவிட்டு வருகிறான். இன்று காலை படியில் கர்னல் இமான்குலோவை வழிமறித்து, அண்ணாந்து பார்த்து, ரொம்ப நேரம் பார்த்து, "அம்மா இல்ல" என்றான். கர்னல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். "ஆமாப்பா. இல்ல" என்றார். அப்புறம் என் பக்கம் திரும்பி, இலையுதிர் காலத்து மாற்றல் உத்தரவைத் தானே எடுத்து எழுதுவதாகச் சொன்னார். நான் ஒன்றும் கேட்கவில்லை.

படிவத்தை இதோடு அனுப்புகிறேன், கையெழுத்துப் போட்டுவிட்டேன். மூன்று வருடம். சம்மதம் என்ற வார்த்தைக்குப் பக்கத்தில் 'எரிச்சலோடு' என்று எழுத இடம் விடவில்லை, அதனால் எழுதவில்லை. கணவாய் மூடுவதற்கு முன் நீ கீழே வந்து சேராவிட்டால் இரண்டு பிள்ளைகளையும் லாரியில் ஏற்றி மேலே அனுப்பிவிட்டு நான் தூங்கப் போகிறேன். மரத்தை எடுத்துவிட்டோம். அதுவாகவே விழுந்துவிட்டது.

இந்த முறை படிவத்தின் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன். பெகிமாய் அரசாங்கத் தாளில் மை பேனாவால் உன்னை வரைந்துவிட்டாள். முகம் தாள் முழுக்க இருக்கிறது, புருவத்தில் இருக்கும் மச்சம்வரை. "தொப்பி எங்கடி?" என்று கேட்டேன். "தொப்பி போட்டா தம்பிக்குத் தெரியாதுப்பா" என்றாள். அலுவலகத்தில் திட்டினால் வாங்கிக்கொள். இதை நான் அழிக்கப் போவதில்லை.

குபாத்